காலையில சொல்லிக்கிடலாம்

கரண்ட் போன பிறகும் மின்விசிறியின் இறக்கைகள் கொஞ்ச நேரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன. செண்பகவல்லி சுவரில் சாய்ந்தபடி அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று. நின்றதும் வீட்டுக்குள் ஒரு சத்தம் அடங்கி, அதற்கு அடியில் இவ்வளவு நேரமும் கிடந்த இன்னொரு சத்தம் மேலே வந்தது. நாய் ரைட்டு மூச்சு விடுகிற சத்தம். நாலாய் மடித்துப் போட்ட பழைய வேட்டியில், பெயின்ட் வாளியை அடிவெட்டிக் கழுத்தில் மாட்டிய வளையத்தோடு, அது ஒருக்களித்துக் கிடந்தது. இடது பின்னங்கால் இருந்த இடத்தில் மழித்த தோல், அதன் மேல் கறுப்பு நூலில் பதினான்கு தையல். முதல் நாள் எண்ணினாள், பிறகு தினமும் எண்ணுகிறாள், குறைந்துவிடப் போகிறதா என்ன, ஆனாலும் எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஆறு நாள் ஆயிற்று. தெருவில் தண்ணி லாரியைப் பின்னால் எடுத்தபோது சக்கரத்துக்கடியில் படுத்திருந்திருக்கிறது, யாரையும் சொல்லிக் குற்றமில்லை, லாரி நிழல் நல்ல நிழல். கால்நடை ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா, எலும்பு தூளாயிட்டும்மா, ரத்த ஓட்டம் நின்னுட்டு, காலை எடுத்தாத்தான் உயிர் நிக்கும், ஆனா நீங்க யோசிச்சு, என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே செண்பகவல்லி பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். டாக்டரம்மா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு வேகமாக யாரும் போட்டிருக்க மாட்டார்கள் போல. பேனா மூடியைக் கூடத் திருப்பிக் கொடுக்காமல் கையில் இறுக்கிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டாள், மறுநாள் சேலை மடிப்பிலிருந்து விழுந்தது. வேகம். இவ்வளவு வேகம் இவளுக்குள் எங்கே இருந்தது. இருந்ததென்றால் முன்னாலேயும் இருந்திருக்கத்தானே வேண்டும்.

அதை அங்கேயே நிறுத்திவிட்டு மாத்திரைக்கு நேரமாயிற்றா என்று பார்த்தாள். இல்லை. வலி மாத்திரை நாலு மணிக்கு. நெத்திலிக் கருவாட்டைப் பொடித்துச் சோற்றில் பிசைந்து உருண்டை பிடித்து நடுவில் வைத்துக் கொடுத்தால்தான் விழுங்குகிறது, அதுவும் இன்று காலை உருண்டையைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் நாக்கில் தள்ளித் துப்பிவிட்டது. அப்போதுதான் அடுத்த வீட்டு ஜெபமணி ஒரு கிண்ணத்தில் ஈரலை அவித்துக் கொண்டுவந்தாள். நல்லவள்தான். வாசல்படியில் நின்று எட்டிப் பார்த்து, பாவம் வாயில்லா ஜீவன் என்றாள், எந்திரிச்சிட்டா என்றாள், இல்லை என்றதும் உச்சுக் கொட்டினாள், பிறகு போகும்போது சொன்னாள்.

"நீங்க பண்ணுத மாதிரி மனுசனுக்கே யாரும் பண்ணமாட்டாங்கக்கா."

நல்ல மனசோடு சொன்னாள். குத்திச் சொல்லவில்லை, அவளுக்கு என்ன தெரியும், இந்தத் தெருவுக்கு வந்தே ஒரு வருஷம்தான் ஆகிறது, இவள் வீட்டுக்காரரை அவள் பார்த்ததுகூட இல்லை, சுவரில் மாலை போட்ட போட்டோதான் பார்த்திருக்கிறாள். காலையில் சொன்ன சொல். மத்தியானம் ஒன்றரை ஆகிறது, இன்னும் போகவில்லை. மனுசனுக்கே. சோறு வடிக்கும்போது வந்தது. வேட்டியை அலசிப் போடும்போது வந்தது. மனுசனுக்கே. முள் என்றால் எடுத்துவிடலாம், இது பல்லில் மாட்டிய நார் மாதிரி, நாக்கு அங்கேயேதான் போகிறது. கோமதிநாயகம் என்கிற மனுசனுக்கு நீ என்ன பண்ணினாய் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. முப்பத்து நாலு வருஷம் சோறு பொங்கிப் போட்டாள். சர்க்கரை வந்த பிறகு கேப்பைக்களி கிண்டினாள், பாகற்காய் பிழிந்தாள், டிப்போவுக்குப் போகும்போது சட்டைப்பையில் மாத்திரையை வைத்து மேலே தட்டிவிட்டாள். வேறு என்ன. டவுன் பஸ் கண்டக்டர், நாள் முழுக்க நிற்கிற வேலை, கம்பியைப் பிடிக்காமல் நிற்பார், ஆடுகிற வண்டியில் ரெண்டு காலையும் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டு, அதில் அவருக்கு ஒரு கர்வம். டிப்போவில் எவனோ போட்டுவிட்டுப் போன குட்டியை டிக்கெட் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தவரும் அவர்தான். ரைட்டு என்று பேர் வைத்தார். இவளுக்கு அந்தப் பேரைத் தெருவில் நின்று கூப்பிட வெட்கமாக இருக்கும், ஏதோ இவள் பஸ்ஸைக் கிளப்புகிற மாதிரி. அந்தக் கால், கம்பி பிடிக்காமல் நின்ற அந்தக் காலில்தான் வந்தது. கட்டைவிரலில் செருப்பு கடித்த புண், கடுகளவு. ரெண்டு வாரத்தில் நெல்லிக்காய் அளவு. பிறகு வாசனை. வாசனையை முதலில் கண்டுபிடித்தது ரைட்டுதான், அவர் காலடியில் படுக்கிறது திடீரென்று தள்ளிப் போய்ப் படுக்க ஆரம்பித்தது. இவளும் தள்ளித்தான் படுத்தாள். ஏன் தள்ளிப் படுத்தாள். வெக்கையாக இருந்தது, அது சித்திரை மாதம். வெக்கைதான்.

ஒன்றே முக்கால் இருக்கும். இந்நேரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் காட்ட வேண்டும், காலையில் எட்டு மணிக்குப் போனது. துண்டை எடுத்து அதன் வயிற்றுக்கடியில் நுழைத்தாள். ஏடே, எந்திரி ராசா, எந்திரிக்கணும்லா, என்று ரெண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினாள். முன்னங்கால் ரெண்டும் விறைத்துக்கொண்டு தரையில் சறுக்கின. இருக்கிற ஒரு பின்னங்காலை அது ஊன்றவே இல்லை, மடக்கி வைத்துக்கொண்டது, அந்தக் காலும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்ட மாதிரி. டாக்டரம்மா சொல்லியிருந்தாள், நாய்க்கு மூணு கால் போதும்மா, மனுசன் மாதிரி அது யோசிக்காது, பத்து நாளைக்குள்ள எந்திரிச்சிரும், எந்திரிக்கலைன்னாத்தான் கஷ்டம், சதை சூம்பிரும், படுக்கைப்புண் வந்துரும். ஆறு நாள். இன்னும் நாலு. இருபது கிலோ நாய், ஒரு துண்டில் தொங்குகிறது. பின்வாசல் வரை இழுத்தும் தூக்கியும் கொண்டுபோனாள். கட்டிலிலிருந்து பின்வாசல் ஒன்பது எட்டு, அங்கிருந்து கீழே மூன்று படி, படிக்கு அப்பால் துவைகல், அதற்கும் அப்பால் கக்கூஸ். ஒன்பது எட்டு என்று இவளுக்கு எப்படித் தெரியும். தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து மனசாலேயே நடந்து எண்ணியிருக்கிறாள். படியில் இறக்கும்போது துண்டு நழுவி நாய் இடுப்பு தரையில் பட்டுக் கத்தியது, தையல் பிரிந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தாள், பதினான்கு, பதினான்கும் இருந்தன. மண்ணில் விட்டாள். அது ஒன்றுக்கும் போகவில்லை, இவளையே பார்த்தது. வெயிலில் அரைமணி நேரம் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு துவைகல்லில் உட்கார்ந்திருந்தாள். பிறகு மறுபடியும் துண்டு, மறுபடியும் மூன்று படி, மறுபடியும் ஒன்பது எட்டு. படுக்கையில் விட்டதும் வேட்டியை நனைத்துவிட்டது. நனைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. இவளுக்குக் கோபம் வரவில்லை, அருவருப்பு வரவில்லை, வேட்டியை உருவிவிட்டு வேறு வேட்டி விரித்தாள், வெந்நீரில் துணியை நனைத்து அதன் அடியைத் துடைத்தாள். எவ்வளவு சுளுவாக இருக்கிறது. இருபத்தெட்டு வருஷம் பால்வாடியில் ஊரார் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட்ட கை. இந்தக் கை எதற்கும் முகம் சுளித்ததில்லை என்று பெரிய ஆபீசரம்மாவே வந்து சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் அன்றைக்கு மட்டும் ஏன். வேண்டாம். ஈரல் கெட்டுப்போகும், வெயிலாக இருக்கிறது, கிண்ணத்தைத் தண்ணீரில் வைக்க வேண்டும்.

எழுந்து வைத்துவிட்டு வந்தாள். வரும்போது பார்த்தாள், நாய் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறது, அதன் தையல் போட்ட இடுப்பு மட்டும் தட தடவென்று ஆடுகிறது. வலிப்போ என்று பயந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வலிப்பு இல்லை. காது அரித்திருக்கிறது. அது காதைச் சொறிந்துகொண்டிருந்தது, இல்லாத காலால். செண்பகவல்லி வாளி வளையத்துக்குள் கையை விட்டு இடது காதின் அடியில் சொறிந்தாள். இடுப்பு நிற்காமல் அதே தாளத்தில் ஆடியது, இவள் விரலை அது தன் கால் என்று நினைத்துக்கொண்டது போல, கொஞ்ச நேரம் ரெண்டும் ஒன்றாகவே ஓடின, பிறகு நாய் ஒரு பெருமூச்சு விட்டது. அவர் விட்ட மாதிரியே. சரி என்று சொன்ன பிறகு அவர் விட்ட மூச்சு. இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் அங்கேயே வந்து நின்றாயிற்று, இனி ஈரலும் இல்லை மாத்திரையும் இல்லை, எதைச் சொல்லி எழுந்து போவது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கே பெரிய டாக்டர் சொல்லிவிட்டார், முழங்காலுக்குக் கீழே எடுத்துருவோம், தள்ளிப்போட்டா விஷம் ரத்தத்துல கலந்துரும் என்று. அவர் முடியாது என்றார். காலில்லாம ஒக்காந்து திங்கதுக்கு நான் செத்துப்போறேன் என்று வார்டே கேட்கச் சொன்னார். அவருடைய அண்ணன் வந்து, அவன் சொல்லுததுதான் சரி, பச்சிலை கட்டிப் பாப்போம் என்றார். ஓசூரிலிருந்து மகன் லிங்கம் போனில், அப்பா இஷ்டம்மா, நாம வற்புறுத்தக் கூடாது என்றான், பேசும்போது அழுதான். நாலு நாள் இப்படியே போயிற்று. ஐந்தாம் நாள் சாயங்காலம் அண்ணன் ஊருக்குப் போய்விட்டார், லிங்கம் ரயில் ஏறியிருந்தான், வார்டில் டீ கொண்டுவருகிறவன் வந்து போயிருந்தான், இவள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திரும்பாமலே கூப்பிட்டார்.

"செம்பகம், காலை எடுத்துரச் சொல்லு."

இவளுக்கு முதலில் புரியவில்லை. "என்னது" என்றாள்.

"எடுத்துரச் சொல்லு. பயமா இருக்கு. இருந்துட்டுப் போறேன்."

இவள் வார்டு வாசலைப் பார்த்தாள். பெரிய டாக்டர் மூன்று மணிக்கே போயிருந்தார். டூட்டி டாக்டர் நடைபாதைக் கோடியில் இருந்தார், சின்னப் பையன், மத்தியானம்தான் இவளைப் பார்த்து, சும்மா சும்மா வந்து கேக்காதீங்கம்மா என்று எரிந்து விழுந்திருந்தான். நாற்பது எட்டு இருக்கும் அந்த அறைக்கு. நாற்பது எட்டு நடந்து போய், அவரு சரின்னுட்டாரு டாக்டர், என்று ஒரு வார்த்தை. அந்த நேரம் பார்த்துத்தான் இவள் மனசு வீட்டுக்குப் போயிற்று. கட்டிலிலிருந்து ஒன்பது எட்டு, பிறகு மூன்று படி, பிறகு குந்தி உட்காருகிற கக்கூஸ், எண்பது கிலோ மனுசன், ஒற்றைக் கால், இவளுக்கு வேலை முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, இவள் முழங்கால் மூட்டில் வீக்கம், பகல் பூராவும் யார் தூக்குவது, யார் இறக்குவது, அந்த வெட்டின இடம் எப்படி இருக்கும், அதைத் தொட வேண்டியிருக்குமே, துணி மாற்ற வேண்டியிருக்குமே. எவ்வளவு நேரம் நினைத்தாள். ஒரு வாய் டீ குடிக்கிற நேரம். நினைத்துவிட்டு டம்ளரை அவர் பக்கம் நீட்டிக்கொண்டே சொன்னாள், "பெரிய டாக்டர் போயிட்டாரு. காலையில சொல்லிக்கிடலாம்." அவர் சரி என்றார். மூச்சு விட்டார். டீ வேண்டாம் என்றார். விடியும்போது அவருக்குப் பேச்சு இல்லை, உடம்பு அனலாய்க் கொதித்தது, பெரிய டாக்டர் வந்து கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, இப்ப கத்தி வைக்க முடியாதும்மா என்றார். அன்று மத்தியானம் முடிந்துவிட்டது. நேத்தே எடுத்திருந்தா பிழைச்சிருப்பாரா சார் என்று லிங்கம் கேட்டதற்கு, சொல்ல முடியாது தம்பி, என்றார் அவர். சொல்ல முடியாது. பிழைத்திருக்க மாட்டார் என்று சொல்லியிருக்கலாம் அந்த மனுசன், ஒரு வார்த்தை. அண்ணன் பாடையில் கிடந்தவரின் காலைத் தடவிக்கொண்டே, எந்தம்பி சொன்ன சொல்லு மாறாதவன், முழுசாவே போறான் பாருங்க என்று அழுதார். டிப்போவிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். கருமாதி நோட்டீஸில்கூட, கடைசிவரை உறுதி குலையாத, என்று அச்சடித்தார்கள். இவள் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசிவரை இல்லை, கடைசிக்கு முந்தின நாள் வரை. பயமாக இருக்கிறது என்று அந்த மனுசன் இவளிடம் மட்டும் சொன்னார், அந்தப் பயத்தைக்கூட யாருக்கும் சொல்லாமல் முழுங்கிவிட்டாள். காலை, காலை என்று ரெண்டுக்கும் ஒரே சொல்லாகப் போயிற்று. அவர் ஒன்றைச் சொன்னார், இவள் இன்னொன்றைச் சொன்னாள். அலுப்பா, பயமா, அந்தப் பையன் டாக்டர் வைவான் என்கிற கூச்சமா, இல்லை இப்படியே போய்விடட்டும் என்று உள்ளே எங்கேயோ ஒரு குரல் சொன்னதா. சொல்லியிருந்தால் அது யார் குரல். தேடிப் பார்க்கும்போதெல்லாம் நான் அப்படி நினைக்கவில்லை என்று அடித்துச் சொல்ல முடிகிறது, அடித்துச் சொல்கிற அந்த வேகத்தைத்தான் நம்ப முடியவில்லை.

நாலு மணிக்குக் கரண்ட் வந்து விசிறி ஓட ஆரம்பித்தது. மாத்திரை கொடுத்தாள், இந்தத் தடவை துப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் லிங்கத்தின் போன் வந்தது, சாயங்கால ஷிப்டுக்குள் போகுமுன் தினமும் கூப்பிடுவான். சாப்ட்டியாம்மா என்றான், சாப்பிட்டேன் என்றாள், சாப்பிடவில்லை. ரைட்டு எப்படி இருக்கு என்றான். ஆறு நாளாக இப்படியே கெடக்குப்பா என்று சொல்ல வாயைத் திறந்தவள் நிறுத்திக்கொண்டாள். நாய் முன்னங்காலை ஊன்றித் தலையைத் தூக்கியிருந்தது. வாளி வளையம் தரையில் இடித்தது. மடக்கி வைத்திருந்த அந்த ஒற்றைப் பின்னங்காலை மெதுவாக விரித்து, தரை இருக்கிறதா என்று பார்ப்பது போல ஒரு தடவை தொட்டு எடுத்து, பிறகு ஊன்றியது. நின்றுவிட்டது. கால்கள் மூன்றும் நடுங்கின. எம்மா, எம்மா, கேக்குதா என்று லிங்கம் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இவள் அசையவில்லை, துண்டை எடுக்கவில்லை. அது ஒரு தாவல் தாவிற்று, நின்றது, இன்னொரு தாவல். பின்வாசலை நோக்கித்தான் போயிற்று. இவள் போனைக் காதில் வைத்தபடியே பின்னால் போனாள். முதல் படியில் இறங்கிவிட்டது. ரெண்டாம் படியில் முகம் குப்புற விழுந்தது, அது யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை, எழுந்தது, மூன்றாம் படியை ஒரே தாவலாகத் தாவி மண்ணில் நின்று, துவைகல் ஓரமாகப் போய், ஒருபக்கம் சாய்ந்துகொண்டு நிதானமாக ஒன்றுக்குப் போயிற்று. இவ்வளவுதான். இவ்வளவுதான் விஷயம். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள், இந்த ஆறு நாளும் அதற்குத்தானே காத்திருந்தது, ஆனால் வந்தது அது இல்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். விழுந்தால் எழ வேண்டும், மூன்று படி, அவ்வளவுதான்.

"லிங்கம்" என்றாள். "ஒங்கப்பா அன்னைக்குச் சரின்னுட்டாரு."

"என்னதும்மா?"

"காலை எடுத்துரச் சொன்னாரு. நீ ரயில்ல வந்துக்கிட்டிருந்த. பயமா இருக்குன்னாரு. நாந்தான் காலையில சொல்லிக்கிடலாம்னேன்."

போனில் அவனுக்குப் பின்னால் யாரோ யாரையோ கூப்பிட்டுப் போகிற சத்தம், வண்டிச் சத்தம். கொல்லையில் நாய் மண்ணை மோந்து பார்த்துக்கொண்டு நின்றது. வெகுநேரம் கழித்து, குரல் எங்கேயோ இருந்து வருவது போல, "எதுக்கும்மா இப்பச் சொல்லுத" என்றான்.

"நாய் எந்திரிச்சிட்டுப்பா."

அவன் மூச்சு கேட்டது. ரெண்டு வருஷமா என் பிள்ளைட்ட சொல்லிட்டிருக்கேம்மா, என்று ஆரம்பித்தான், ஒங்க தாத்தா யாருக்கும் பயப்படாத, என்றவன் மேலே சொல்லவில்லை. ஷிப்டு சங்கு ஊதியது, நீளமாக. வைத்துவிடுவான் என்று நினைத்தாள். வைக்கட்டும். வைத்துவிட்டு இனிமேல் கூப்பிடாமலே இருந்தாலும் இருக்கட்டும், அவனிடம் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு இதைக் கொடுத்திருக்கிறாள், அதற்கு அவன் என்ன செய்வான். சங்கு நின்றது. அவன் வைக்கவில்லை. நாய் படியேறி வந்தது, முன்னங்காலை மேலே போட்டு, பின்னங்காலை இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக. இவளைத் தாண்டிப் படுக்கைக்குப் போயிற்று. போய் நின்றது. சுற்றியது. மறுபடியும் சுற்றியது. நிற்கத் தெரிந்துகொண்டதற்கு உட்காரத் தெரியவில்லை. பழைய பழக்கத்தில் இடதுபக்கமாகச் சாயப் போகிறது, அங்கே தாங்க ஒன்றும் இல்லாமல் திடுக்கிட்டு நிமிர்கிறது, மறுபடியும் சுற்றுகிறது, கால் நடுக்கம் அதிகமாகிக்கொண்டே வருகிறது, இன்னும் ஒரு நிமிஷம் போனால் தையல் இடம் தரையில் மோத விழுந்துவிடும். செண்பகவல்லி போனைத் தரையில் வைத்துவிட்டு மண்டியிட்டாள். முழங்கால் சுளீரென்றது. ரெண்டு கையையும் அதன் அடியில் கொடுத்தாள், ஒரு கை நெஞ்சில், ஒரு கை தையலுக்குக் கீழே, மழித்த தோலின் சூடு உள்ளங்கையில் ஒட்டியது. நாய் தன் கனத்தை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் விறைத்துக்கொண்டு நின்றது. தரையிலிருந்து லிங்கத்தின் குரல் சின்னதாக, எம்மா என்றது. பிறகு இன்னொரு தடவை, எம்மா. கையை எடுக்க முடியவில்லை, எடுத்தால் விழுந்துவிடும்.

"இருப்பா" என்றாள், குனிந்தபடியே. "வச்சிராத."